பெயர் வெட்டாத உபயம்

கடையில் 'பில் போடவோ, வேண்டாமோ?' என்று கேட்டால் எங்களில் கனபேர் வேண்டாம் என்றுதான் சொல்லுவம். பில் இல்லாவிட்டால் வற் 18 வீதம் மிச்சம். அதே ஆள் அடுத்த மாதம் கோயில் திருவிழாவில் ஒரு உபயம் எடுத்து ஊருக்கே அன்னதானம் போடுவார். வரி கட்டுறது ஏமாளித்தனம், தானம் செய்யிறது புண்ணியம் என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு பிழை என்கிறோம்.

வரியில் ஏன் இவ்வளவு வெறுப்பு என்பது விளங்காமல் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையற்ற வாகன பேர்மிட் கொடுத்ததும், சிலர் அதைக் கைமாற்றிக் காசு பார்த்ததும் ஊரறிந்த கதை. எங்கட பக்கத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. கட்டின வரி குண்டாகத்தான் திரும்பி வந்தது என்று சொல்லுகிற அம்மம்மாக்களிடம் போய்க் குடிமக்கள் கடமை பற்றி வகுப்பெடுக்க எங்களுக்கு வாய் வராது.

ஆனால் வரியைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2019 டிசம்பரில் வற் 15 வீதத்திலிருந்து 8 ஆக இறங்கினபோது கைதட்டினார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. வேறு காரணங்களும் உண்டு, இது அதில் பெரிய ஒன்று. பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பள்ளத்தை நிரப்பினது யார்? 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது. இப்போது மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் சம்பளம் எடுப்பவருக்குத்தான் வருமான வரி. சவர்க்காரம் வாங்கி, போனுக்கு றீலோட் போடுகிற தோட்டத் தொழிலாளிக்கோ வற்றிலிருந்து தப்ப வழியே இல்லை. வசதியுள்ளவர் ஒளிக்கிற காசு இவருடைய சவர்க்காரத்திலிருந்துதான் எடுபடுகிறது. பிறகு அவருக்கே ஒரு நேரச் சோறு போட்டுவிட்டு அதைத் தர்மம் என்கிறோம்.

தானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது அரிசியும் உடுப்பும் சேர்த்துக்கொண்டு ஓடின பெடியள் பெட்டையளை நினைத்தால் பெருமைதான். ஆனால் மலையகத்தில் மண்ணோடு போன பாதையையும் ரயில் தண்டவாளத்தையும் உலர் உணவுப் பொதி திருப்பிக் கட்டாது. அதற்குத் திறைசேரியில் காசு வேணும். தானத்தில் இன்னொரு வசதி, ஆருக்குக் கொடுக்கிறது என்று நாங்களே தீர்மானிக்கலாம், பெயரும் போடலாம். (ஃபான் இறக்கையில்கூட உபயகாரர் பெயர் சுற்றுகிற ஊர் எங்கட ஊர்.) வரியில் பெயர் வராது.

கார் விசயமும் இதோடு ஒட்டினதுதான். 2020 இல் பூட்டின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்ததிலிருந்து ஒரே புலம்பல். சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, எல்லாம் சேர்ந்த விலைக்கு மேல் வற். வரிக்கு வரி என்பது உண்மைதான். ஆனாலும் எங்களுக்கு அனுதாபம் வரவில்லை. சவர்க்காரத்தை வாங்காமல் இருக்க ஏலாது, புதுக் காரை வாங்காமல் இருக்கலாம். வேலை கிடைத்த கையோடு லீசிங்கில் கார் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது உண்மையில் தேவை? கலியாணப் பேச்சில் மாப்பிள்ளை என்ன கார் வைச்சிருக்கிறார் என்று கேட்கிற மாமிமார் உண்டு. வரி கட்டுறாரோ என்று கேட்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

அதற்காக எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பொழுதுபட்ட பிறகு பஸ் இல்லாத ஊரிலிருந்து இரவுக் கடமைக்குப் போகிற தாதிக்கு ஒரு சின்னக் கார் சொகுசு இல்லை. காலி வீதியில் நிமிசத்துக்கொரு பஸ் ஓட, தனி ஆளாக ஜீப்பில் போகிறவரின் கதை வேறு. அந்த ஜீப்புக்குக் கட்டின வரியில் தாதியின் ஊருக்கு ஒரு இரவு பஸ் விட வேணும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கோயிலுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்காமல் அந்த பஸ் எப்ப வரும் என்று கேட்போம்.