டாக்சி கம்பெனிக்கும் நட்சத்திரம் வேண்டும்



இங்கிலாந்தில் குடியேறி இருபது வருஷத்துக்கு மேலான இல்லத்தரசி நான். மகளின் பிரசவம் பார்க்க இங்கே வந்து போகும் அம்மாக்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமென்றால் அவர்கள் கூப்பிடுவது மினி கேப்பைத்தான். அதனால் இது உங்கள் சங்கதியும்கூட.

நம் ஊரில் ஆட்டோ, டாக்சி என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ். இங்கே லண்டனைத் தவிர மற்ற ஊர்களில் அந்தந்த ஊர் கவுன்சில்தான் லைசென்ஸ் கொடுக்கிறது. 1976-ம் வருஷச் சட்டப்படி காருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, போனில் புக்கிங் எடுக்கும் கம்பெனிக்கு ஒன்று என மூன்று லைசென்ஸ். மினி கேப்பைத் தெருவில் கை காட்டி நிறுத்தக் கூடாது. கம்பெனி மூலம் புக் செய்யாமல் ஏறினால் இன்ஷூரன்ஸ் செல்லாமல் போய்விடும். வெளியூரிலிருந்து வரும் அம்மாக்கள் இதை அவசியம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஆதங்கம் இதுதான். லைசென்ஸ் என்பது பாஸா, பெயிலா என்பதை மட்டும் சொல்கிறது. முப்பத்தைந்து மார்க் வாங்கிய கம்பெனிக்கும் தொண்ணூற்றைந்து வாங்கிய கம்பெனிக்கும் சுவரில் தொங்குவது அதே காகிதம்! பொதுவாக ஐந்து வருஷத்துக்குக் கொடுக்கப்படும் அந்த லைசென்ஸை வைத்து எதைத் தெரிந்துகொள்வது?

இதே கவுன்சில் ஹோட்டல்களை என்ன செய்கிறது பாருங்கள். சமையலறையைச் சோதித்து 0 முதல் 5 வரை மார்க் போடுகிறது. 2010-ல் வந்த திட்டம் இது. வாசல் கண்ணாடியில் பச்சையும் கறுப்புமாக அந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே நுழைவேன். ஒரு தட்டு பிரியாணிக்கு இவ்வளவு அக்கறை. ராத்திரி பதினொரு மணிக்கு நம் பெண் தனியாக ஏறுகிற வண்டியை அனுப்பும் கம்பெனிக்கு இப்படி ஒரு மார்க் வேண்டாமா?

சிசேரியன் ஆன என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர, பிறந்த குழந்தைக்கான சீட்டோடு வண்டி வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்தோம். வந்த காரில் சீட் இல்லை. போன் போட்டுக் கேட்டால், "டாக்சிக்கு அது கட்டாயமில்லை மேடம்" என்று பதில். உண்மைதான். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை டாக்சியின் பின் சீட்டில் குழந்தை சீட் இல்லாமல் போகலாம் என்று சட்டமே விலக்குக் கொடுக்கிறது. சட்டத்தை மீறாமலே ஒரு கம்பெனி எவ்வளவு அலட்சியமாக இருக்கலாம் என்று அன்றைக்குப் புரிந்தது. புகார் எழுதினோம், பதிலே இல்லை. லைசென்ஸ் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இது வெறும் வசதிக் குறைவு பற்றிய பேச்சு இல்லை. ராதர்ஹாம் ஊரில் 1997-க்கும் 2013-க்கும் இடையே சுமார் 1,400 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 2014-ல் வந்த அலெக்சிஸ் ஜே அறிக்கை சொன்னது. அதில் டாக்சிகளின் பங்கும் வெளிச்சத்துக்கு வந்தது. மறு வருஷமே அங்கே டாக்சி லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரத்தைக் கவுன்சிலிடமிருந்து அரசாங்கம் எடுத்து வேறு கமிஷனர்களிடம் ஒப்படைத்தது. பிறகு 2020-ல் புதிய நெறிமுறைகள் வந்தன. டிரைவரின் குற்றப் பின்னணியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், போன் எடுப்பவர்களின் பின்னணியையும் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு ஊரில் லைசென்ஸ் பறிக்கப்பட்டவர் இன்னொரு ஊரில் போய் வாங்கிவிடாதபடி, பெயரைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றுவது 2023 முதல் கட்டாயம். நல்லதுதான். ஆனால் இதையெல்லாம் எந்தக் கம்பெனி மனசாரச் செய்கிறது, எது பேருக்குச் செய்கிறது என்பது ஃபைலுக்குள் கிடக்கிறது. போன் போடும் நமக்குத் தெரிவதில்லை.

'மொபைலில்தான் டிரைவருக்கு நட்சத்திரம் போடுகிறோமே' என்பீர்கள். அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வாரா வாரம் கம்பெனிக்கு வாடகை கட்டி, நடுராத்திரி குடிகாரர்களின் வாந்தியைக் கழுவும் அந்த மனுஷனின் பிழைப்பு, போதையில் இருப்பவன் போடும் ஒற்றை நட்சத்திரத்தில் தொங்குகிறது. நம் ஆட்களிலேயே எத்தனை பேர் இங்கே டாக்சி ஓட்டுகிறார்கள்! மார்க் கம்பெனிக்குப் போட வேண்டும், அதுவும் சோதனை செய்த கவுன்சில் அதிகாரி போட வேண்டும். புகாருக்குப் பதில் எழுதினார்களா, புக்கிங் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா, சக்கர நாற்காலிக்காரர்களை மரியாதையாக ஏற்றுகிறார்களா, சொன்ன குழந்தை சீட் வந்ததா... இவைதான் பாடங்கள்.

2015 முதல் ஒரு கம்பெனி தன் புக்கிங்கை வேறு ஊர்க் கம்பெனிக்கும் தள்ளிவிடலாம். அப்போதும் பொறுப்பு முதலில் புக்கிங் எடுத்தவருடையதுதான். வாசலுக்கு வரும் கார் எந்த ஊர் லைசென்ஸ் என்றே தெரியாத நிலையில், நாம் கூப்பிடும் கம்பெனிக்கு மார்க் இருந்தால்தான் பிடி கிடைக்கும்.

ஸ்டிக்கரைக் கட்டாயமாக ஒட்டச் சொல்ல வேண்டும். ஹோட்டல் விஷயத்தில் வேல்ஸில் 2013-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள், வட அயர்லாந்தில் 2016-ல். இங்கிலாந்தில் மட்டும் இன்னும் இஷ்டப்பட்டால் ஒட்டலாம். இரண்டு மார்க் வாங்கியவர் இஷ்டப்படுவாரா என்ன!

சோதனை அதிகமானால் லைசென்ஸ் கட்டணம் கூடும், கடைசியில் அது நம் தலையில்தான் விடியும் என்கிறார் என் கணவர். விடியட்டுமே. ஒரு சவாரிக்குச் சில பென்ஸ் கூடுதலாகக் கொடுக்க நான் தயார்.

எங்கள் வார்டு கவுன்சிலருக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இங்கே இருக்கும் தோழிகளும் அவரவர் கவுன்சிலருக்கு எழுதுங்கள். வரப்போகும் அம்மாக்களே, அதுவரை காரின் பின்னால் இருக்கும் கவுன்சில் தகட்டின் நம்பரைக் குறித்துக்கொண்டு, டிரைவரின் பேட்ஜையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். மினி கேப்புக்குக் கவுன்சில் கட்டணம் நிர்ணயிப்பதில்லை. எவ்வளவு என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

– ஒரு வாசகி, இங்கிலாந்து