எதிரொலிக்குள் ஒரு வழி

ஆழ்கடலில் ஒளியும் ரேடியோ அலையும் விரைவில் மங்கிவிடும். ஒலியே நெடுந்தொலைவு செல்லும். ஆகவே, கப்பல் நீர்மூழ்கியைக் காதால்தான் தேடுகிறது. 1971 டிசம்பரில் இந்தியப் போர்க்கப்பல் குக்ரி, பாகிஸ்தான் நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். அந்த இழப்புக்குப் பின், நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனார் கருவியை மேம்படுத்தும் பணியில் ஈடுபட்டவர், பொள்ளாச்சியில் 1944இல் பிறந்து பதினைந்தாம் வயதில் கடற்படையைத் தேர்ந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். பின்னர்க் கொச்சியில் அவர் தலைமையில் உருவான அப்சோ என்னும் சோனார் 1983இல் கடற்படையின் பயன்பாட்டுக்கு வந்தது.

1991இல் கடற்படையைவிட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் சென்றவரின் வாழ்வை இரு பாதியாகப் பிரித்துப் பேசுவோர் உண்டு. அப்பிரிப்பு பொருந்தாது. கடலில் ஒலி, நீர்ப்பரப்பிலும் தரையிலும் மோதிப் பல பிரதிகளாக வந்து சேர்கிறது. நகரில் ரேடியோ அலை கட்டடங்களில் மோதி அவ்வாறே சிதறுகிறது. களம் மாறியதேயன்றிச் சிக்கல் மாறவில்லை. கலந்துவரும் அலைகளிலிருந்து செய்தியைக் கணக்கால் பிரித்தெடுப்பதே குறிகைச் செயலாக்கம்.

சிதறலைத் தொல்லையாகவே பொறியாளர் கருதிவந்தனர். பால்ராஜ் அதனைத் துணையாகக் கண்டார். அனுப்பும் இடத்திலும் பெறும் இடத்திலும் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் வெவ்வேறு செய்திகளை அனுப்பலாம் என்றார். பெறும் ஒவ்வோர் ஆன்டெனாவிலும் அவை வெவ்வேறு அளவில் கலந்து விழும். அணிகளைக் கற்கும் மாணவருக்கு இது எளிதில் விளங்கும்: இரு மாறிகள், இரு சமன்பாடுகள். சிதறல் இல்லையேல் இரு சமன்பாடுகளும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும், விடை கிட்டாது. தாமஸ் கைலாத்துடன் 1992இல் விண்ணப்பித்த இக்கருத்துக்கு 1994இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய வைஃபையும் 4ஜியும் 5ஜியும் இதன்மேல் நிற்கின்றன. 2014இல் மார்க்கோனி பரிசும் வந்தது.

பரிசைவிட எண்ணத்தக்கது வேறொன்று. பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கடற்படையில் கழித்த, நாற்பத்தேழு வயதினர் ஒருவருக்கு ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்தது அயல்நாட்டுப் பல்கலைக்கழகம். வயதையும் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையையும் முதலில் கேட்கும் நம் தேர்வுக்குழுக்கள், கப்பல் தளத்தில் கற்ற கல்வியை எந்தப் பத்தியில் எழுதச் சொல்லும்? சோனாருக்கு இங்கு இடமிருந்தது. ஏனெனில் இழப்பின் கணக்கு கண்முன் இருந்தது. அலைபேசிக்கு அத்தகைய கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.