மென்பொருளுக்கும் வேண்டும் முன்தணிக்கை

சம்பள பில்லோ பயணப்படி பில்லோ, பணம் பட்டுவாடா ஆவதற்கு முன்பே சரிபார்ப்பதற்கு முன்தணிக்கை என்று பெயர். அதில் தவறு தெரிந்தால் ஆட்சேபணைக் குறிப்போடு பில் அன்றைக்கே திரும்பி வரும். திருத்தி மறுநாள் அனுப்பிவிடலாம். பணம் போன பிறகு தணிக்கையில் தெரிந்தாலோ, விளக்கம், பதில், பிடித்தம் என்று வருஷக்கணக்கில் இழுக்கும்.

மென்பொருள் எழுதுகிறவர்களும் இப்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். தமிழில் 'தொடர் ஒருங்கிணைப்பு' என்கிறார்கள், சுருக்கமாக சி.ஐ. தமிழுக்காகப் பலர் ஊதியமில்லாமல் சேர்ந்து எழுதும் திறமூல மென்பொருள்களில், புதுப்புது வசதிகளைவிட இதுதான் முதலில் வேண்டும் என்பது என் கருத்து. நம் வயதுக்காரர்களுக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது.

முறை எளிதானதுதான். நிரல் முழுவதும் கிட்ஹப் போன்ற ஒரு பொது இடத்தில் இருக்கும். யாராவது ஒரு திருத்தம் அனுப்பினால், அங்குள்ள ஒரு கணினி தானாக விழித்துக்கொண்டு, திருத்தத்தையும் பழைய நிரலையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும். முன்பே எழுதி வைத்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கும். எல்லா விடையும் சரியென்றால் பச்சைக் குறி, ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்பு விழுந்ததைச் சேர்க்கக் கூடாது என்று பூட்டும் போட்டுவிடலாம். இதையெல்லாம் சொல்லி வைக்க ஒரு சிறு கோப்பு போதும். அனுப்பியவர் மூத்தவரா நேற்று வந்தவரா என்று இயந்திரம் பார்ப்பதில்லை.

ஓர் உதாரணம். 'கல்' என்பதற்குப் பன்மை 'கற்கள்'. 'சொல்' என்றால் 'சொற்கள்'. இதைப் பார்த்த ஓர் இளைஞர், லகரத்தில் முடிந்தால் றகரமாக மாற்று என்று விதி எழுதுகிறார் என்று வையுங்கள். கல்லும் சொல்லும் சரியாக வரும். 'கால்கள்' மட்டும் 'காற்கள்' ஆகிவிடும். கேள்விப் பட்டியலில் 'கால்' இருந்தால் சில நிமிடத்தில் சிவப்பு விழும். இல்லாவிட்டால் அந்தக் 'காற்கள்' எத்தனையோ பேருடைய கணினிக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்று எழுத்து எண்ணிக்கை. 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் அங்கே தனித்தனி. நாம் எண்ணுகிறபடி எழுத்துகளைப் பிரித்துத் தரும் வசதி ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தில் வேறு ஒரு வம்பு. அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காமல் போகலாம். இது தமிழுக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்க வேண்டாம். நாங்கள் பள்ளியில் எழுதிய பிரெஞ்சில், 'எகோல்' என்ற சொல்லின் முதலெழுத்துக்கு மேலே ஒரு சாய்கோடு வரும். அதற்கும் இதே இரட்டைச் சேமிப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் சலிக்காமல் பார்க்க இயந்திரத்தால்தான் முடியும்.

இரண்டு மூன்று பேர் எழுதும் சின்ன மென்பொருளுக்கு இவ்வளவு தேவையா என்று கேட்பார்கள். அங்கேதான் அதிகம் தேவை. விஷயம் தெரிந்த ஒருவர் வேலை மாறிப் போனால் அவர் தலையில் இருந்ததும் கூடவே போய்விடும். மாற்றலாகிப் போகும் குமாஸ்தா பொறுப்புப் பட்டியல் எழுதிக் கொடுக்காமல் போகலாமா? கேள்விப் பட்டியல்தான் மென்பொருளின் பொறுப்புப் பட்டியல்.

அந்தப் பட்டியல் நம் கையிலும் இருக்க வேண்டும். டிராவிஸ் என்ற சேவை 2011 முதல் திறமூல மென்பொருள்களுக்கு இந்தச் சோதனையை இலவசமாகச் செய்து வந்தது. 2020 நவம்பரில் விதியை மாற்றி அளவு வைத்தார்கள். பலர் வேறு இடம் தேடினார்கள். கேள்விகளைத் தனியாக, வீட்டுக் கணினியிலும் ஓடும்படி எழுதி வைத்திருந்தால் இடம் மாறுவது பெரிய பாடில்லை.

ஆனால் பச்சைக் குறியைப் பார்த்து மயங்கக் கூடாது. கேட்ட கேள்விக்கு விடை சரி என்பது மட்டுமே அதன் பொருள். 'நாள்கள்' சரியா, 'நாட்கள்' சரியா? 'நாட்கள்' என்றால் நாள்பட்ட கள் ஆகிவிடும் என்பார்கள் இலக்கணம் தெரிந்தவர்கள். பத்திரிகைகளில் 'நாட்கள்' தாராளமாக வருகிறது. இயந்திரம் இதைத் தீர்மானிக்காது. நாம் எதைச் சரி என்று எழுதி வைக்கிறோமோ அதையே பிடித்துக்கொள்ளும்.

நம் வேலை இங்கேதான் வருகிறது. நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எது சரியான விடை என்று உறுதியாகச் சொல்லத்தான் ஆள் குறைவு. சொல்லையும் அதன் சரியான பன்மையையும் இரண்டு பத்தியாக ஒரு தாளில் எழுதத் தெரிந்தால் போதும். கணினி தெரிய வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! ஆளுக்கு நூறு சொல் எழுதி, இந்த வேலை செய்யும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். விதிக்கு அடங்காத சொற்களை முதலில் எழுதுங்கள். தவறு அதிகம் பிடிபடுவது அவற்றில்தான்.