இந்தியாவின் புதிய சரக்கு விமானமும் பலாலியின் பழைய ஓடுபாதையும்

போர் விமானம் ஒன்று வாங்கப்பட்டால் அது தலைப்புச் செய்தி. சரக்கு விமானம் வாங்கப்பட்டால் உட்பக்கத்தில் நான்கு வரி. இந்திய விமானப்படை சி-295 என்ற புதிய போக்குவரத்து விமானத்தைச் சேவையில் சேர்த்த செய்தியையும் எமது ஊடகங்கள் பெரும்பாலும் அப்படித்தான் கடந்துபோயின. ரஃபேல் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்படவில்லை. ஆனால் ஈழத்தமிழர்களின் கடந்த நாற்பது ஆண்டுகால அனுபவத்தை எடுத்துப் பார்த்தால், எமது வாழ்வைத் திருப்பிப்போட்ட விமானங்களில் பல சரக்கு விமானங்களே. ஆகவே இந்த விமானத்தைக் கொஞ்சம் உற்றுப்பார்ப்பதில் தவறில்லை.

முதலில் தகவல்கள். 2021 செப்டெம்பரில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சு எயர்பஸ் நிறுவனத்துடன் 56 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. பெறுமதி ஏறத்தாழ 21,935 கோடி இந்திய ரூபா. இவற்றுள் 16 விமானங்கள் ஸ்பெயினின் செவில் நகரில் கட்டப்பட்டு நேரடியாக வந்தன. மீதி 40 விமானங்களையும் டாட்டா நிறுவனம் குஜராத்தின் வடோதராவில் கட்ட வேண்டும். முதல் விமானம் 2023 செப்டெம்பர் 25 அன்று டில்லிக்கு அருகிலுள்ள ஹிண்டன் தளத்தில், பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் முன்னிலையில் முறைப்படி சேர்க்கப்பட்டது. செவிலில் கட்டப்பட்டவற்றின் கடைசி விமானம் 2025 ஓகஸ்டில் கையளிக்கப்பட்டது. வடோதராவில் கட்டப்படும் முதல் விமானம் 2026 செப்டெம்பரிலும், கடைசி விமானம் 2031 ஓகஸ்டிலும் வெளிவர வேண்டும் என்பது கால அட்டவணை.

இது பிரமாண்டமான விமானம் அல்ல. இரண்டு சுழலிகள். ஐந்து முதல் பத்துத் தொன் வரை சுமக்கும். 71 சிப்பாய்களை ஏற்றலாம். பலாலியிலிருந்து சென்னைக்குப் போகும் ஏரிஆர் பயணிகள் விமானத்தில் ஏறியவர்கள் கேட்ட இரைச்சலும் இதன் இரைச்சலும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்; இரண்டினதும் இயந்திரங்கள் ஒரே கனேடிய நிறுவனத்தின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் படைத்துறைக்கு முக்கியமானவை வேறு இரண்டு விடயங்கள். ஒன்று, ஏறத்தாழ 700 மீற்றர் நீளமான, சீராகச் செப்பனிடப்படாத ஓடுபாதையிலிருந்தும் இது எழும்பும். மற்றையது, இதன் வால்பகுதி சரிவுப்பாதையாகத் திறக்கும். வாகனம் நேரே ஏறலாம், பறந்துகொண்டிருக்கும்போதே பொதிகளைத் தள்ளிவிடலாம். இது இடத்தைப் பிடிக்கும் பழைய அவ்ரோ-748 விமானத்தில் அந்த வசதி இருக்கவில்லை. 1961 இல் கான்பூரில் கட்டி முதன்முதலாகப் பறக்கவிடப்பட்ட அவ்ரோவுக்கு மாற்று வாங்க இந்தியா அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. எங்கள் கச்சேரிகளில் கோப்பு நகரும் வேகத்தைக் குறைசொல்பவர்கள் சற்று ஆறுதல் அடையலாம்.

புது டில்லி இந்த விமானத்தை யாரை நினைத்து வாங்கியது என்பதில் மர்மம் இல்லை. 2020 யூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப்படைகளுடன் மோதல் ஏற்பட்டபோது, கிழக்கு லடாக்கிற்கு 68,000 இற்கும் மேற்பட்ட சிப்பாய்களை விமானப்படை ஏற்றி இறக்கியதாக இந்திய ஊடகங்கள் பின்னர் வெளியிட்டன. சி-17, ஐஎல்-76 போன்ற பெரிய விமானங்கள் பெரிய தளங்களில்தான் இறங்கும். அங்கிருந்து மலைமுகட்டிலுள்ள சிறு தளங்களுக்குக் கொண்டுசேர்ப்பது அன்ரனோவ்-32 போன்ற நடுத்தர விமானங்களின் வேலை. அவையோ வயதாகிவிட்டன. 2016 யூலையில் சென்னை தாம்பரத்திலிருந்து அந்தமானுக்குப் புறப்பட்ட அன்ரனோவ்-32 ஒன்று 29 பேருடன் வங்கக்கடலில் மறைந்தது. அதன் சிதைவுகள் கடலடியில் அடையாளம் காணப்பட ஏழாண்டுகளுக்கு மேல் சென்றன.

இன்னொரு நோக்கமும் உண்டு. இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனம் முழுமையான படைத்துறை விமானம் ஒன்றைக் கட்டுவது இதுவே முதல் தடவை. 2024 ஒக்டோபரில் வடோதராத் தொழிற்சாலையை மோடியும் ஸ்பெயின் பிரதமர் பெட்ரோ சான்செஸும் சேர்ந்து திறந்துவைத்தனர். படைக்கலம் வாங்கும் நாடு, விற்கும் நாடாக மாற விரும்புகிறது. நாளை அயல்நாடுகளுக்கு விமானம் விற்பதோ கடனுக்குக் கொடுப்பதோ இந்தத் தொழிற்சாலை வழியாக நடக்கக்கூடும்.

இனி எமது பக்கத்துக்கு வருவோம்.

இந்தியா அன்ரனோவ்-32 விமானங்களைச் சோவியத் ஒன்றியத்திடமிருந்து பெறத் தொடங்கியது 1984 இல். அதுவும் இமயமலைக்கென்றே வாங்கப்பட்ட விமானம். வெப்பமான, உயரமான இடங்களில் எழும்புவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அந்தச் செய்தியை 1984 இல் யாழ்ப்பாணத்தில் யாராவது படித்திருந்தால் தமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றுதான் நினைத்திருப்பார்கள். மூன்றே ஆண்டுகளில், 1987 யூன் 4 அன்று, அதே வகையைச் சேர்ந்த ஐந்து விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் நின்றன.

வடமராட்சியில் ஒப்பறேஷன் லிபரேஷன் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. முதல்நாள் இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளைச் சிறிலங்காக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. மறுநாள் புது டில்லியிலிருந்த சிறிலங்காத் தூதுவர் அழைக்கப்பட்டு, விமானங்கள் வருகின்றன, தடுத்தால் பலத்தால் பதில் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. மிராஜ்-2000 போர் விமானங்கள் துணைக்கு வர, ஏறத்தாழ 25 தொன் உணவும் மருந்தும் பரசூட்டில் இறங்கின. இலட்சக்கணக்கானோர் வாழ்ந்த குடாநாட்டுக்கு 25 தொன் என்பது ஒருவேளைச் சோற்றுக்கும் காணாது. இது டில்லிக்கும் தெரியும், கொழும்புக்கும் தெரியும். கொண்டுவரப்பட்டது அரிசி அல்ல, செய்தி. எட்டு வாரத்தில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. யூலை இறுதியில் அதே வகை விமானங்கள் பலாலியில் அமைதிப்படையை இறக்கின. ஒக்டோபரில் அந்தப் படை எம்மோடு போரிட்டபோது அதற்கான சிப்பாய்களையும் வெடிபொருட்களையும் கொண்டுவந்தவையும் அவைதான். யூனில் கையசைத்து வரவேற்ற மக்கள் ஒக்டோபரில் அதே இரைச்சலைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். விமானம் மாறவில்லை. டில்லியின் முடிவு மாறியிருந்தது.

சிறிலங்கா விமானப்படையின் கதை இதைவிடக் கசப்பானது. முறையான குண்டுவீச்சு விமானங்கள் போதாத காலத்தில் அது வை-12, வை-8, அவ்ரோ போன்ற போக்குவரத்து விமானங்களையே குண்டுவீசப் பயன்படுத்தியது. பீப்பாய்களில் வெடிமருந்தை அடைத்துக் கதவால் உருட்டிவிடுவதற்குக் குறிபார்க்கும் கருவி தேவையில்லை. விழுகிற இடம் இலக்கு. ‘சகடை’ என்று எம்மவர்கள் பெயர் வைத்தது இப்படிப்பட்ட போக்குவரத்து விமானத்துக்குத்தான். மெதுவாக, தலைக்குமேல் வட்டமிட்டு, எப்போது தள்ளுவான் என்று தெரியாமல் காத்திருந்த அந்த நிமிடங்களை அனுபவித்த எவருக்கும் ‘சரக்கு விமானம்தானே’ என்ற சொல் ஒட்டாது.

அதேவேளை 1990 இல் ஏ-9 வீதி மூடப்பட்டதன் பின்னர் குடாநாட்டில் நின்ற படையினருக்கு வான்வழியும் கடல்வழியுமே உயிர்நாடி. 1995 ஏப்ரல் 28, 29 ஆம் திகதிகளில் பலாலியருகே அடுத்தடுத்து இரண்டு அவ்ரோ விமானங்களை விடுதலைப் புலிகள் ஏவுகணையால் வீழ்த்தினர். 90 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்த இரண்டு நாட்களில் போரின் வான்பரப்பே மாறியது. அதன்பின் அன்ரனோவ்-32, பின்னர் பிரித்தானியா பாவித்துக் கழித்த சி-130 என்று கொழும்பு வாங்கிக் குவித்தது. 2000 இல் ஆனையிறவு வீழ்ந்த பின்னரும் பலாலித் தளம் நிலைத்ததற்கு இந்த வான்வழி ஒரு முக்கிய காரணம்.

இங்கே ஆய்வாளர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று உண்டு. சரக்கு விமானத்துக்கு ஓடுபாதை வேண்டும். ஓடுபாதையைப் பாதுகாக்க, எறிகணையும் ஏவுகணையும் எட்டாத தூரத்துக்குச் சுற்றிவர நிலம் வேண்டும். வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் வீடுவாசலை விட்டு வெளியேறியதும், அவர்களின் காணிகள் உயர்பாதுகாப்பு வலயமானதும் இந்தக் கணக்கின்படிதான். போர் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின், 2013 இல்கூட, வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. பின்னர் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. முழுவதும் அல்ல. ஏவுகணை ஏவுவதற்கு இப்போது யாரும் இல்லை. ஆனால் அந்த ஆபத்தைக் காட்டி எடுத்த நிலத்துக்கு வேலி இன்னும் இருக்கிறது. ஒரு விமானத்தின் விலையைக் கோடிகளில் எழுதுபவர்கள் இந்த ஏக்கர்களையும் சேர்த்து எழுத வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைச் சிதைத்தபோது முதலில் கட்டுநாயக்காவில் இறங்கிய வெளிநாட்டு உதவிகளில் இந்தியாவின் சி-130, ஐஎல்-76 விமானங்கள் கொண்டுவந்தவை அடங்கும். தொடர்ந்து சி-17 களில் கள மருத்துவமனையும் பெய்லி பாலப் பாகங்களும் வந்தன. அவற்றால் கட்டப்பட்ட பாலங்களில் ஒன்று கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 1987 இன் 25 தொன்னைப் போலல்லாது, இந்தப் பாலத்தால் மக்கள் உண்மையாகவே போய்வருகிறார்கள். இம்முறை கொழும்பு எதிர்க்கவில்லை, வரவேற்றது என்பதும் கவனிக்க வேண்டிய வேறுபாடு. சி-295 எண்ணிக்கையில் கூடக்கூட இந்தியாவின் இத்தகைய உடனடிப் பிரசன்னம் இலகுவாகும், மலிவாகும். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து பலாலி ஏறத்தாழ 150 கிலோமீற்றர்; இந்த விமானத்துக்கு அது இருபது நிமிடப் பறப்பு. சி-295 அங்கே நிலைநிறுத்தப்படவில்லை, அவற்றின் தாய்த்தளம் வடோதராதான். ஆனால் போக்குவரத்து விமானம் தேவைப்படும் இடத்துக்கு நகர்த்தப்படுவதற்கென்றே உள்ளது.

எமக்கு உடனடியாகத் தொடர்புள்ள விடயம் இன்னொன்று. 2024 பெப்ரவரியில் இந்தியக் கடற்படைக்கும் கரையோரக் காவற்படைக்கும் புதிய கடல் கண்காணிப்பு விமானங்களைப் பெற புது டில்லி அனுமதி வழங்கியது. அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவதும் இதே சி-295. ராடாரும் கமராவும் பொருத்தி, பல மணிநேரம் கடலின்மேல் சுற்றிவரக்கூடிய வடிவம். அதன் முதன்மை நோக்கம் இந்து சமுத்திரத்தில் சீனக் கப்பல்களைக் கவனிப்பதாக இருக்கும். ஆனால் பாக்கு நீரிணையும் அதே கண்ணுக்குள் வரும். இரவில் எல்லை தாண்டி வந்து வடபகுதி மீனவர்களின் வலைகளை அறுத்துச்செல்லும் இழுவைப்படகுகள் எத்தனை, எங்கிருந்து புறப்பட்டன, எப்போது எல்லையைக் கடந்தன என்பதெல்லாம் இனி டில்லியின் திரையில் இருக்கும். பருத்தித்துறையிலும் நெடுந்தீவிலும் மீனவர் சங்கங்கள் ஆண்டுக்கணக்காக மகஜர் எழுதி வருகின்றன. இருநாட்டு மீனவர் பேச்சுவார்த்தை அடுத்த முறை கூடும்போது அந்தப் பதிவுகளை மேசையில் வைக்கும்படி எமது பிரதிநிதிகள் கேட்கலாம்.