பிடில் யார் கையில்?

பிடில் என்றதும் தமிழ் வாசகரின் நினைவுக்கு வருபவன் நீரோ மன்னன். அவன் காலத்தில் அந்தக் கருவியே பிறந்திருக்கவில்லை என்பது வேறு செய்தி. அரண்மனைக்கு வெளியே, உழைப்பாளி மக்களிடையே பிடில் வாழ்ந்த வாழ்வை அறிய அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதி நல்ல களமாகும்.

வடக்கு கரோலினா, வர்ஜீனியா, கென்டக்கி மாநிலங்களின் மலையூர்களில் பழமரபு இசைக்காக மக்கள் கூடும்போது மேடை அமைப்பதில்லை. பார்வையாளர் வரிசையும் இல்லை. நாற்காலிகள் வட்டமாகப் போடப்படுகின்றன. பிடில், பாஞ்சோ, கிதார் அனைத்தும் ஒரே மெட்டைச் சேர்ந்தே வாசிக்கின்றன. மெட்டு பெரும்பாலும் இரு பகுதிகள் கொண்டது. அது மீண்டும் மீண்டும் சுழன்றுகொண்டே இருக்கும். புதிதாக வந்த சிறுமி முதற்சுற்றில் கேட்கிறாள். ஐந்தாம் சுற்றில் இரண்டு சுரங்களைப் பிடிக்கிறாள். பத்தாம் சுற்றில் எண்பது வயது முதியவரோடு சேர்ந்து வில்லை இழுக்கிறாள். தனி ஆவர்த்தனத்திற்கு அங்கு இடமில்லை. மெட்டைத் தொடங்கியவர் காலைத் தூக்கிக் காட்டினால் அந்தச் சுற்றோடு நிறைவுறுகிறது.

இக்கலையின் ஆசான்களாகப் போற்றப்படுவோரில் பலர் உடலுழைப்பாளிகள். டாமி ஜாரல் (1901–1985) நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன்படுத்தும் இயந்திரத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பின் அவர் வீட்டுக்கு இளைஞர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து தங்கிக் கற்றனர். கறுப்பினக் கலைஞர் ஜோ தாம்ப்சன் (1918–2012) மரச்சாமான் தொழிற்சாலைத் தொழிலாளி.

ஆயினும் இந்த இசையின் மீது முதலாளிகளின் கண்ணும் விழுந்தது. 1920களில் ஹென்றி ஃபோர்டு பழைய பிடில் இசையையும் சதுர நடனத்தையும் மீட்கப் போவதாகப் புறப்பட்டார். தமது கார் விற்பனை நிலையங்கள் வழியே பிடில் போட்டிகள் நடத்தினார். அவருடைய பத்திரிகையோ ஜாஸ் இசை யூதர்களின் சதி என்று நஞ்சு கக்கிக்கொண்டிருந்தது. 1941 வரை தம் ஆலைக்குள் தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க மறுத்த மனிதர், தொழிலாளியின் ஓய்வு நேரத்திற்கு மட்டும் ‘தூய்மையான’ இசையைப் பரிந்துரைத்தார். அதே ஆண்டுகளில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர் இசைக்கு ஒரு பட்டியலும், மலைவாழ் வெள்ளையர் இசைக்கு மற்றொரு பட்டியலும் போட்டன. பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் கொடை. அடிமை மக்களுள் தேர்ந்த பிடில் கலைஞர் பலர் இருந்தனர். அந்த உண்மை சந்தையின் பட்டியலில் காணாமற்போயிற்று.

இதே மெட்டுகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1929இல் வடக்கு கரோலினாவின் காஸ்டோனியாவில் லோரே பஞ்சாலைத் தொழிலாளர்கள் கம்யூனிஸ்டுகள் தலைமையிலான சங்கத்தின்கீழ் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்தின் பாடகி எல்லா மே விக்கின்ஸ், அண்டை ஊரில் நூற்பாலைத் தொழிலாளி. பெற்ற ஒன்பது குழந்தைகளில் நால்வரைப் பறிகொடுத்தவர். வெள்ளையினப் பெண்ணான அவர் தம் ஆலையின் கறுப்பினத் தொழிலாளர்களையும் சங்கத்திற்குள் கொண்டுவரப் பாடுபட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 14 அன்று சங்கக் கூட்டத்திற்குச் செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலை செய்யப்பட்டனர். 1931இல் கென்டக்கியின் ஹார்லன் நிலக்கரி வயலில், ஷெரிஃபின் ஆட்கள் வீட்டைச் சூறையாடிச் சென்றபின், சுரங்கத் தொழிலாளியின் மனைவி ஃபுளோரன்ஸ் ரீஸ் நாட்காட்டித் தாளில் எழுதிய பாட்டு இன்று உலகெங்கும் போராட்டக் களங்களில் ஒலிக்கிறது.

இவ்விருவரும் புது மெட்டு தேடவில்லை. திண்ணையிலும் தேவாலயத்திலும் பாடிப் பழகிய மெட்டில் புதுச் சொற்களை ஏற்றினர். கூட்டத்தில் ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் உடனே சேர்ந்துகொள்ள அதுவே காரணம். திண்ணையில் பல்லாண்டு சேர்த்து வைத்த முதலை வேலைநிறுத்தம் எடுத்துச் செலவிட்டது என்று சொல்லலாம்.

இன்று அம்மலையூர்களில் பல சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. வலிநிவாரணி மாத்திரைப் போதை குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது. அந்தச் சூழலில்தான் இசைக்கூட்டங்கள் மீண்டும் வேர்பிடிக்கின்றன. 2000ஆம் ஆண்டு வடக்கு கரோலினாவின் அலெகனி மாவட்டத்தில் தொடங்கிய ‘ஜூனியர் அப்பலாச்சியன் மியூசிஷியன்ஸ்’ திட்டம், பள்ளி முடிந்தபின் சிறுவர்களுக்குப் பிடிலும் பாஞ்சோவும் கற்பிக்கிறது. 2005இல் பூன் நகரில் நடந்த கறுப்பினப் பாஞ்சோ கலைஞர் சந்திப்பிற்குப் பின் ரியானன் கிடன்ஸ் உள்ளிட்ட இளைஞர்கள் ஜோ தாம்ப்சனின் வீடு தேடிச் சென்று கற்றனர். பட்டியல் போட்டுப் பிரித்த மரபு அவ்வீட்டில் மறுபடியும் ஒன்றுசேர்ந்தது.

இதனாலெல்லாம் வர்க்க உணர்வு வந்துவிட்டதா என்று தோழர்கள் கேட்கலாம். வரவில்லை. ஹார்லன் உள்ளிட்ட அந்த மலை மாவட்டங்களில் பெரும்பாலானவை டிரம்பை வெற்றிபெறச் செய்தவை. சங்கம் தேய்ந்த இடத்தில் பிடில் மட்டும் தனியாக நின்று என்ன செய்துவிட முடியும்? அது எந்தக் கைக்கும் இசைவது. ஃபோர்டின் கைக்கும் இசைந்தது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது: சங்கம் இருந்து, சேர்ந்து பாடும் பழக்கம் இல்லாத இடத்தில் என்ன நிகழ்கிறது?

இந்தியாவில் இடதுசாரி இயக்கத்தின் கலைவிழாக்கள் அதற்கு விடை சொல்கின்றன. மேடை உயர்ந்திருக்கிறது, ஒலிபெருக்கி வலுத்திருக்கிறது, குழுவினர் திறமையாகவே பாடுகிறார்கள். கீழே அமர்ந்திருக்கும் தோழர் கைதட்டுகிறார். ஊர்வலத்திலோ பதிவுசெய்த பாட்டை வண்டி பாட, தோழர்கள் பின்னே நடக்கிறார்கள். நடவுப் பாட்டும் தாலாட்டும் தெரிந்த மூதாட்டி கிளைக்கூட்டத்தின் கடைசி வரிசையில் வாய் திறவாமல் இருக்கிறார். அவரிடம் எவரும் கேட்டதில்லை.

கிளை அலுவலகத்தில் மாதத்திற்கு ஒரு மாலை, பறையோ ஆர்மோனியமோ ஊரில் இருப்பதைக் கொண்டு, சிறுவர்களும் முதியோரும் வட்டமாக அமர்வதற்கு மாநிலக் குழுவின் தீர்மானம் தேவையில்லை. ஒலிபெருக்கி வாடகையும் மிச்சம்.