தாய்ப் பத்திரம் எங்கே?

சென்ற ஆண்டு திண்டிவனத்தில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தேன். விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிவந்த வேளையில், மணமகன் வீட்டார் வந்தோருக்கெல்லாம் ஒரு சிறு நூலை வழங்கினர். அது அக்குடும்பத்தின் வமிச வரலாறு. வழவழப்பான தாள், பச்சை அட்டை, கிளைமரமாக வரையப்பட்ட ஏழு தலைமுறைப் பெயர்கள். பழைய செய்தி என்றாலே பரணில் கிடக்கும் குப்பை என்று எண்ணும் இக்காலத்தில், இவ்வளவு பாடுபட்டுத் தேடி அச்சிட்டிருக்கிறார்களே என்று மனம் நிறைந்தது.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஸலாம் கூறி விடைபெறலாம் என்று உள்கட்டுக்குச் சென்றேன். எண்பது வயது கடந்த நன்னி ஒருவர் கட்டிலில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு, அக்கிளைமரத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "தம்பி, இதுலே என் பேரு எங்கே இருக்குன்னு பார்த்துச் சொல்லுப்பா" என்றார். தேடினேன். அவருடைய கணவர் இருந்தார், மாமனார் இருந்தார், ஆண் மக்கள் நால்வர் இருந்தனர், பேரன்மார் பதினொருவர் இருந்தனர். அவர் இல்லை. அவர் பெற்ற பெண் மக்கள் மூவரும் இல்லை. சொல்ல எனக்கு நா எழவில்லை. அவரே புரிந்துகொண்டார். "அப்போ இத்தனை பேரும் மரத்துலேயே காய்ச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு நூலை மூடினார்.

அக்கேள்வி என்னை விடவில்லை. அந்தக் குடும்பத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நம்மில் பெரும்பாலோர் வீட்டு வமிச ஏடுகளும் அப்படித்தானே இருக்கின்றன? பாட்டனார் பெயரைச் சொல், முப்பாட்டனார் பெயரைச் சொல் என்றால் மார்தட்டிச் சொல்கிறோம். பாட்டனாரைப் பெற்ற தாயின் பெயர் என்ன என்று கேட்டால் தலையைச் சொறிகிறோம். பாதி மனிதரை விட்டுவிட்டு எழுதும் ஏட்டை வரலாறு என்று அழைப்பது தகுமா?

திண்டிவனம் வரலாறு இல்லாத ஊரன்று. திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதே அப்பெயரின் மூலம் என்பர். இன்று நகரோடு ஒட்டிக் கிடக்கும் கிடங்கல், சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில். கிடங்கில் என்னும் ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்கிய சங்கப் புலவர் பலர் உண்டு. மேற்கே செஞ்சி. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர்ப் படை, 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர், 1714-இல் சாதத்துல்லாகான் என்று ஆட்சிகள் மாறி மாறி வந்தன. 1717-18-இல் கட்டப்பட்ட சாதத்துல்லாகான் பள்ளிவாசல் இன்றும் செஞ்சிக் கோட்டையில் நிற்கிறது. தக்கினி உருது பேசும் குடும்பமும் தமிழ் பேசும் குடும்பமும் இவ்வட்டாரத்தில் அண்டை வீட்டாராக வாழ்வதற்குப் பின்னே இந்த நீண்ட வரலாறு இருக்கிறது.

அவ்வரலாற்றிலேயே நம் குறையும் தெரிகிறது. தேசிங்கு ராஜன் கதையைக் கேளாதார் யார்? நண்பனுக்கு ஆபத்து என்ற செய்தி வந்ததும் தன் மணக்கோலத்தோடு எழுந்து போர்க்களம் சென்று உயிர் நீத்தான் மகபத்கான் என்று கதை சொல்கிறது. நட்புக்கு அதனினும் மேலான சான்று இல்லை என்று நாம் கண்ணீர் மல்குகிறோம், அது முறையே. உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவி நினைவாக இராணிப்பேட்டை என்ற பெயர் எழுந்தது என்பதும் வழிவழிச் செய்தி. ஆனால் மணப்பந்தலில் தனியே அமர்ந்திருந்த அந்த முஸ்லிம் மணப்பெண் என்ன ஆனாள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? கதை கேட்கும்போதே நாம் கற்றுக்கொண்ட பழக்கம், வமிச ஏடு எழுதும்போதும் தொடர்கிறது.

1878-இல் கார்ஸ்டின் தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டை எழுதினார். 1906-இல் பிரான்சிஸ் அம்மாவட்டத்தின் விவரச்சுவடியை எழுதினார். அரசருக்கும் படையெடுப்புக்கும் நிலவரிக்கும் அவற்றில் இடமுண்டு. நம் நன்னிமாருக்கு இடம் தரவேண்டிய கடமை அந்த ஆங்கில அதிகாரிகளுக்கு இல்லை, நமக்கு இருந்தது. புளியை உடைத்துக் கொட்டை நீக்கி, கூலியைச் சேர்த்து, மகளுக்குக் காதணி செய்து போட்டவள் பாட்டி. "எழுதப் படிக்கத் தெரியாதவள்" என்று நாம் சொல்லும் கிழவிகளில் எத்தனையோ பேர் அரபுத்தமிழ் நூல்களை எழுத்துக் கூட்டி வாசித்தவர்கள். கீழக்கரை ஆசியா உம்மாவும் தென்காசி ரசூல் பீவியும் ஞானப் பாடல் பாடிய சமுதாயம் இது. 1938-இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் "காதலா கடமையா" என்னும் நாவலை எழுதிய சமுதாயம் இது. இத்தகைய சமுதாயத்தின் குடும்ப ஏட்டில் பெண்ணின் பெயரே இல்லை என்றால் அது வெட்கக்கேடு அன்றோ?

இதற்கு மூன்று சமாதானங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, பெண்களின் பெயரை ஊரறிய எழுதுவது நாணத்துக்கு மாறானது என்பது. இப்படிச் சொல்பவர்கள் நம் முன்னோரின் நூல்களைத் திறந்து பார்க்கவில்லை. 845-இல் மறைந்த இப்னு ஸஅத் தம் "தபகாத்" நூலின் எட்டாம் பாகத்தைப் பெண்களுக்காகவே ஒதுக்கினார். 1497-இல் மறைந்த ஸகாவீ, தம் நூற்றாண்டின் பெருமக்களைப் பற்றிப் பன்னிரண்டு பாகங்கள் எழுதினார். இறுதிப் பாகம் முழுவதும் பெண்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அந்த இமாம்களைவிட நமக்கு நாணம் மிகுதியோ? திருமறையின் ஓர் அத்தியாயமே மர்யம் என்னும் பெயர் தாங்கியதன்றோ?

இரண்டாவது, வமிசம் தந்தை வழியில்தான் செல்லும் என்பது. ஆம், தந்தை பெயராலேயே மக்கள் அழைக்கப்பட வேண்டும் என்பது திருமறைக் கட்டளை. அதை யாரும் மறுக்கவில்லை. தந்தை பெயரை எழுது என்றால் தாய் பெயரை அழி என்று பொருளாகுமா? அலி (ரலி) அவர்களின் மைந்தர் ஒருவரை வரலாறு இன்றளவும் முஹம்மது இப்னுல் ஹனஃபிய்யா என்று தாயின் குலப்பெயராலேயே அறிகிறதே, அவருடைய வமிசம் குறைந்துபோயிற்றா?

மூன்றாவது, பழைய பெண்களின் பெயர் எங்கும் கிடைக்காது என்பது. இது சோம்பலின் பேச்சு. ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரைப் பாருங்கள். மணமகளின் பெயரும் மஹர் தொகையும் அங்கே உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பத்திரங்களைப் பாருங்கள். வாங்கியவரும் விற்றவருமாகப் பீவிகளின் பெயர்கள் வரும். வக்ஃபு சாசனத்தைப் பாருங்கள், மையவாடியின் மீஸான் கல்லைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்கட்டில் கட்டிலில் அமர்ந்திருக்கும் நன்னியிடம் கேளுங்கள். அவர் இருக்கும்போது கேளாமல், கத்தம் ஓதும்போது நினைத்து என்ன பயன்?

இது வெறும் பெயர்ச் சண்டை என்று எண்ணிவிடாதீர்கள். இதன் அடியில் சொத்து இருக்கிறது. பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில், அது சிறிதாயினும் பெரிதாயினும், ஆணுக்கும் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு என்று நான்காம் அத்தியாயம் அறுதியிட்டுரைக்கிறது. மகளின் பங்கும், மனைவியின் பங்கும், தாயின் பங்கும் கணக்கிட்டே சொல்லப்பட்டுள்ளன. ஆயினும் வழக்காறு என்னும் பெயரால் அவை மறுக்கப்பட்ட இடங்கள் பல. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் அவ்வழக்காற்றை ஒதுக்கியது. ஆனால் விளைநிலத்தை விட்டுவிட்டது. திண்டிவனம் போன்ற வட்டாரத்தில் சொத்து என்றால் நிலமன்றோ? நிலத்தை விட்டுவிட்டுப் பங்கு என்றால் அது ஏட்டுச் சுரைக்காய். 1949-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த திருத்தமே அந்த விலக்கை நீக்கி, விளைநிலத்திலும் ஷரீஅத் முறை செல்லும் என்றாக்கியது.

சட்டம் திருந்தியது, வீடு திருந்தியதா? "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று கூறி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் அண்ணன் தம்பிமார் இன்றும் இல்லையா? சீர் வேறு, பங்கு வேறு. முன்னது நாம் விரும்பிக் கொடுத்தது. பின்னது இறைவன் விதித்தது. குடும்ப ஏட்டில் அத்தைக்குப் பெயரில்லை என்றால், அடுத்த தலைமுறைக்கு அத்தை இருந்ததே தெரியாது. இருந்ததே தெரியாதவளுக்குப் பங்கை யார் நினைப்பார்? ஏட்டில் அழிந்த பெயர், காணியிலும் எளிதில் அழியும். தொழுகையில் முன்வரிசை தேடும் நாம், பங்கீட்டில் மட்டும் பின்வாங்குவது ஏன்?

திண்டிவனத்தாருக்கு நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். இவ்வூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த நிலக்கடலை வகைகளுக்கு டி.எம்.வி. என்று பெயர், அது திண்டிவனத்தின் பெயர்ச் சுருக்கம். இரண்டு வகைகளை இணைத்துப் புதுவகை உருவாக்கும் அறிஞர்கள் அதன் பிறப்பைக் குறிக்கும்போது, தாய்ச்செடியின் பெயரை முதலிலும் தந்தைச்செடியின் பெயரைப் பின்னுமாக எழுதுவது வழக்கம். மணிலாக் கொட்டைக்குத் தாய் யார் என்று எழுதி வைக்கிறது உலகம். மனிதனுக்கு எழுத நமக்கு மனம் வரவில்லை.

நிலம் வாங்கப் போனாலும் முதலில் என்ன கேட்கிறோம்? "தாய்ப் பத்திரம் எங்கே?" என்றுதானே கேட்கிறோம்? தாய்ப் பத்திரம் இல்லாத மனையை இலவசமாகக் கொடுத்தாலும் தயங்குகிறோம். மனைக்கு வேண்டிய தாய் மனிதனுக்கு வேண்டாமா?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு. நிக்காஹ் தப்தரில் மணமக்கள் இருவரின் தாயார் பெயரையும் எழுத ஒரு பத்தி சேருங்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை. செல்லரித்துக் கிடக்கும் பழைய தப்தர்களைப் படமெடுத்துப் பாதுகாத்து வையுங்கள். குடும்பத் தலைவர்களுக்கு வேண்டுகோள் ஒன்றே: வமிச ஏடு அச்சிடுமுன் வீட்டுப் பெண்களிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். விடுபட்டவர் யார் என்று அவர்கள் சொல்வார்கள்.

அன்று புறப்படுமுன் அந்த நன்னியிடம் அவருடைய தாயாரின் பெயரைக் கேட்டேன். சொன்னார். அந்தத் தாயாரின் தாயார் பெயரையும், அவர் எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார் என்பதையும் தடுமாறாமல் சொன்னார். கிளைமரத்தின் ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் அவற்றை எழுதி, நன்னியின் பெயரையும் பெண் மக்கள் மூவரின் பெயரையும் சேர்த்து, அவ்வீட்டு இளைஞர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இதைப் படிக்கும் நீங்கள் இன்றிரவே உங்கள் வீட்டு ஏட்டை எடுத்துப் பாருங்கள். அதில் விடுபட்டவர்களின் பெயர்களைச் சொல்லக்கூடியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் இன்னும் இருக்கக்கூடும்.