பாட்டி, உங்க ரேகையில குறையில்லை

வன்னியம்பட்டி மாதிரி ஊர்களில், ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ பஸ் ஏறிப் போய் வங்கி வரிசையில் நிற்க முடியாத முதியவர்களுக்காகத்தான், ஊருக்குள்ளேயே கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதி வந்தது. ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தால் போதும். தமிழக அரசு 2023-ல் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆக்கிய முதியோர் உதவித்தொகை கணக்கில் ஏறினாலும், கைக்கு வர அந்த விரல் வேண்டும். இப்படிப்பட்ட கடைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம்: "பாட்டி, ரேகை விழலை. கையைக் கழுவிட்டு வாங்க."

பாட்டி கழுவிவிட்டு வருகிறார். மறுபடியும் விழவில்லை. பஞ்சாலையிலும் காட்டு வேலையிலும் தேய்ந்த விரல்தானே என்று அவரே நம்பிவிடுகிறார். ரேகை தேயும், அது உண்மைதான். ஆனால் டிரைவர் மாறியதைச் சமாளிக்கத் தெரியாத அப்ளிகேஷன் செய்த தப்புக்கும் அந்த விரல்தான் பழி சுமக்கிறது. எப்படி என்று கேளுங்கள்.

2017-ல் ஆதார் ஆணையம் 'பதிவு செய்யப்பட்ட கருவி' முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக் கருவிக்கும் ஒரு டிரைவர், ஒவ்வொன்றுக்கும் தனி நிரல். புதிய முறையில் நடுவில் 'ஆர்டி சர்வீஸ்' என்று ஒன்று இருக்கும். கருவி தயாரிப்பவரே அதை எழுதித் தருவார். எந்தக் கம்பெனியானாலும் கேள்வியும் பதிலும் ஒரே வடிவம். தலைவலியில் பாதியை ஆணையமே தீர்த்துவிட்டது. மீதிப் பாதியைச் செய்யத்தான் பலருக்கு மனசில்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இந்த சர்வீஸ் 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்களில் ஏதோ ஒன்றில் காத்திருக்கும். அப்ளிகேஷன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, 'தயார்' என்று பதில் சொல்லும் கருவியை எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தம் இருபத்தோரு கதவு. ஆனால் 11100-ஐ மட்டும் நிரலில் எழுதிவிட்டுக் கிளம்புகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். எழுதியவர் மேஜையில் ஒரே கருவி, ஒரே சர்வீஸ். ஓடியது, இன்வாய்ஸ் போட்டாச்சு :-)

இப்போது கடைக்காரர் பாட்டைப் பாருங்கள். குறியாக்கம் கம்ப்யூட்டரில் நடக்கும் எல்-0 கருவிகளை விட்டுவிட்டு, அது கருவிக்குள்ளேயே நடக்கும் எல்-1 கருவிகளுக்கு மாறச் சொன்னது ஆணையம். (பாதுகாப்புக்கு நல்லது, அதில் சண்டை இல்லை.) மந்த்ரா எம்எஃப்எஸ்100-ஐ ஓரங்கட்டிவிட்டு எம்எஃப்எஸ்110 வாங்குகிறார். பழையதின் சர்வீஸ் 11100-ஐப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறது. புதியது 11101-க்குப் போகிறது. அப்ளிகேஷன் போய்த் தட்டுகிற கதவுக்குப் பின்னால் கருவியே இல்லை. திரையில் 'தோல்வி, மீண்டும் முயலவும்'. பாட்டி மறுபடி குழாயடிக்குப் போகிறார்.

மொபைலிலும் இதே கூத்துதான். எல்லாக் கம்பெனி சர்வீஸும் பதில் சொல்லும்படி ஒரு பொது அழைப்பு இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பழைய கருவியின் பேக்கேஜ் பெயரை மட்டும் கூப்பிடும் செயலிக்கு, வேறு பெயரில் வந்த எம்எஃப்எஸ்110 சர்வீஸ் கண்ணிலேயே படாது.

உண்மையில் கோபம் வரவேண்டிய இடம் பிழைச் செய்தி. ஆர்டி சர்வீஸ் தெளிவாகத்தான் சொல்கிறது: 700 என்றால் நேரம் முடிந்தது, 710 என்றால் வேறு அப்ளிகேஷன் கருவியைப் பிடித்திருக்கிறது, 720 என்றால் கருவி தயாரில்லை. தன் வெர்ஷன் என்ன என்பதையும் கூடவே அனுப்புகிறது. ரேகை பொருந்தவில்லை என்று சொல்வது ஆதார் சர்வர், அதன் எண் 300. இத்தனையையும் வாங்கி, ஒரே சிவப்புப் பெட்டியில் அமுக்கி, 'தோல்வி' என்று காட்டினால் கடைக்காரர் என்ன செய்வார்? எதிரே இருப்பது பாட்டியின் விரல். அதைத்தான் குறை சொல்வார். காமர்ஸ் பசங்களுக்குப் புரியும்படி சொன்னால், கம்பெனியின் செலவைப் பாட்டி கணக்கில் பற்று எழுதுகிறார்கள்.

"எல்லாக் கருவியையும் எல்லா வெர்ஷனையும் வாங்கிச் சோதிக்க முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாதுதான், யாரும் அதைக் கேட்கவுமில்லை. குரோம் பிரவுசரைப் பாருங்கள். எந்த கிராபிக்ஸ் டிரைவரின் எந்த வெர்ஷனில் எது சொதப்பும் என்ற பட்டியல் அதன் நிரலோடே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த வெர்ஷன் வந்தால் சொதப்பும் வசதியை மட்டும் நிறுத்திவிட்டு, பக்கத்தைச் சாதாரண வழியில் வரைந்து காட்டும். 'டிரைவரை மாத்திட்டு வா' என்று வாசலில் நிறுத்தாது.

இன்னொரு யோசனையும் கொடுப்பார்கள்: "விண்டோஸ் அப்டேட்டை ஆஃப் பண்ணிடுங்க." பணம் புழங்கும் கம்ப்யூட்டரில் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தவா? பூட்டு இறுகுகிறது என்பதற்காகக் கதவைக் கழற்றி வைக்கச் சொல்கிற புத்தி இது.

இந்தச் செயலிகளை வாங்கும் வங்கிகள் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சர்வீஸ் போட்டு, ஒன்றின் கருவியை மட்டும் செருகுங்கள். வேலை செய்கிறதா? பிறகு அதையும் பிடுங்கிவிட்டுத் திரையைப் பாருங்கள். 'கருவி தயாரில்லை, கடைக்காரர் கவனிக்கவும்' என்று தமிழில் வந்தால் காசு கொடுங்கள். 'விரலை மீண்டும் வைக்கவும்' என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள்.